வைர வடிவமும் வாய்ப்பேச்சும்: பெரிய போட்டிக்கு முன்னர் எதைப் பார்க்க வேண்டும்?

பெரிய உதைபந்தாட்டப் போட்டி ஒன்றுக்கு முதல் நாள் இரவு களுபோவில வைத்தியசாலை வீதிப் பக்கம் எந்தத் தேநீர்க் கடைக்குப் போனாலும் ஒரே பேச்சுத்தான். இஷா முடிந்து வந்த இளைஞர்கள் மேசையில் பிளேன்டீ கோப்பைகளை அடுக்கி அணி வகுப்பார்கள். ஒருவர் 4-3-3 என்பார். மற்றவர் 3-5-2 என்பார். அரை மணித்தியாலம் போனதும் பேச்சு "உங்கட டீமும் ஒரு டீமா?" என்ற இடத்துக்கு வந்து நிற்கும். மறுநாள் தோற்ற பக்கத்தார் தொலைபேசியை மூடிவிட்டு இரண்டு நாள் கடைப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள்.

அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. அதைக் கொஞ்சம் பயனுள்ளதாக்கலாம் என்பதே. பட்டத்துக்காக மோதும் இரண்டு அணிகள் சந்திக்கும்போது, எந்த அணி பலமானது என்ற கேள்வி பெரிதாக உதவாது. இரண்டுமே பலமானவை; அதனால்தான் பட்டத்துக்குப் போட்டியிடுகின்றன. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது, இன்று யாருக்கு எந்த முடிவு போதும்? இரண்டாவது, ஒவ்வோர் அணியும் மைதானத்தின் எந்தப் பகுதியைக் காலியாக விடப்போகிறது? மூன்றாவது, அந்தக் காலி இடத்துக்கு எதிரணியில் முதலில் ஓடிப் போகக்கூடியவர் யார்?

ஒருவருக்கு 28 பேர்ச்

சர்வதேச அளவிலான மைதானம் 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்டது. மொத்தம் 7,140 சதுர மீற்றர். கோல் காப்பாளரை விட்டால் மிஞ்சுவது 10 பேர். சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு 714 சதுர மீற்றர் வரும். நம்முடைய கணக்கில் அது 28 பேர்ச். களுபோவிலயில் அவ்வளவு காணி கிடைத்தால் மூன்று வீடு கட்டிவிடுவார்கள்.

ஒரு மனிதனால் 28 பேர்ச் காணியைத் தனியே காவல் காக்க முடியாது. ஆகவே எந்தப் பயிற்றுவிப்பாளரும் முழு மைதானத்தையும் மூடுவதில்லை. எந்த இடத்தை மூடுவது, எந்த இடத்தை எதிரணிக்கு விட்டுக்கொடுப்பது என்று தெரிவு செய்கிறார். 4-3-3, 3-5-2 என்ற இலக்கங்கள் அந்தத் தெரிவின் சுருக்கம் மட்டுமே. மத்தியில் ஒருவரைக் கூட்டினால் ஓரத்தில் ஒருவர் குறைவார். முன்னால் ஒருவரைக் கூட்டினால் பின்னால் ஒருவர் குறைவார். 11 பேரை 12 பேராக்கும் வடிவம் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

இதைப் புரிந்துகொள்ள நமது பிராந்தியத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

கொல்கத்தா, 1997 ஜூலை 13

அன்று கொல்கத்தா சோல்ட் லேக் அரங்கில் ஃபெடரேஷன் கிண்ண அரையிறுதி. மோதியவை மொஹுன் பகான், ஈஸ்ட் பெங்கோல். பார்க்க வந்தவர்கள் 1 இலட்சத்து 31 ஆயிரத்துக்கும் அதிகம். இந்திய உதைபந்தாட்டத்தில் அதற்கு முன்போ பின்போ அப்படி ஒரு கூட்டம் கூடியதில்லை என்றே இன்றும் சொல்கிறார்கள்.

அன்று காலை ஒரு முன்னோட்டம் எழுத உட்கார்ந்திருந்தால் நம் கையில் என்ன தகவல் இருந்திருக்கும்?

மொஹுன் பகானின் பயிற்றுவிப்பாளர் அமல் தத்தா. புதுமை விரும்பி. அந்தப் பருவத்தில் அவர் கொண்டு வந்த "டயமண்ட்" முறைதான் நகரத்தின் பேச்சாக இருந்தது. மத்திய களத்தின் நால்வரும் வைர வடிவில் நிற்பார்கள்: பின்கள வீரர்களுக்கு முன்னால் ஒருவர், இடமும் வலமுமாக இருவர், தாக்குபவர்களுக்குப் பின்னால் ஒருவர். பந்து யாரிடம் இருந்தாலும் பக்கத்தில் இரண்டு பேர் முக்கோணமாகக் கிடைப்பார்கள். எதிரணி ஒருவரை மறித்தால் மற்றவருக்குப் பந்து போய்விடும். கால் இறுதியில் இந்த முறையில் விளையாடி சேர்ச்சில் பிரதர்ஸ் அணியை 6-0 என்று நொறுக்கியிருந்தார்கள். முன்னால் கோல் அடிக்க நைஜீரியாவின் சீமா ஒகோரி இருந்தார்.

ஈஸ்ட் பெங்கோலின் பயிற்றுவிப்பாளர் பி.கே. பானர்ஜி. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் விளையாடியவர். பேச்சால் வீரர்களைத் தட்டியெழுப்புவதில் பேர்போனவர். அவரிடம் சிக்கிமிலிருந்து வந்த 20 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர் பைச்சுங் பூட்டியா. உருவத்தில் சிறியவர், ஓட்டத்தில் வேகமானவர்.

இப்போது நமது மூன்று கேள்விகளையும் கேட்போம்.

யாருக்கு எது போதும்? அது அரையிறுதி. வென்றால் இறுதிப் போட்டி, தோற்றால் வீடு. ஆகவே காகிதத்தில் இருவரும் சமம். ஆனால் மனதளவில் சமமில்லை. 6-0 வெற்றிக்குப் பின்னர் வரும் அணியிடம் கூட்டம் இன்னொரு 6-0ஐ எதிர்பார்க்கும். மொஹுன் பகான் தாக்கித்தான் ஆக வேண்டும். ஈஸ்ட் பெங்கோல் காத்திருக்கலாம்.

காலி இடம் எங்கே? வைர வடிவம் மத்தியில் ஆட்களைச் சேர்க்கிறது. அதன் விலை ஓரங்கள். மத்தியில் நால்வரும் நெருங்கி நிற்பதால் எல்லைக்கோட்டின் பக்கம் இயல்பாக யாரும் இல்லை. அந்த அகலத்தை நிரப்ப ஓரப் பின்கள வீரர்கள் மேலே ஏற வேண்டும். அவர்கள் ஏறிய பின்னர் அவர்கள் விட்டு வந்த இடம் வெறுமை.

அங்கே யார் முதலில் போவார்? பதில் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. பூட்டியா.

அந்த முன்னோட்டம் இப்படித்தான் முடிந்திருக்கும்: மொஹுன் பகானிடம் பந்து அதிகம் இருக்கலாம், முதல் கோலை அவர்கள் அடித்தால் ஆட்டம் அவர்களுடையது, ஈஸ்ட் பெங்கோல் முதல் கோலை அடித்தால் வைரம் இன்னும் விரிந்து, அதன் முதுகு இன்னும் திறந்துவிடும்.

நடந்ததும் ஏறத்தாழ அதுதான். முதல் பாதியில் நஸிமுல் ஹக் ஈஸ்ட் பெங்கோலுக்கு முதல் கோலை அடித்தார். இடைவேளை முடிந்து வந்ததும் பூட்டியா இரண்டாவதை அடித்தார். சீமா ஒன்றைத் திருப்பிக் கொடுத்து 2-1 ஆக்கினார். சமப்படுத்த மொஹுன் பகான் மேலே மேலே ஏறியது. கடைசிக் கட்டத்தில் பூட்டியா இன்னும் இரண்டு. 4-1. மூன்று கோல் அடித்த அந்த இளைஞர் பின்னர் இந்திய அணியின் தலைவரானார்.

வைர முறை முட்டாள்தனமானது என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. ஐரோப்பாவில் அதே வடிவத்தில் பட்டம் வென்ற அணிகள் உண்டு. பிழை வடிவத்தில் இல்லை. பலவீனமான எதிரணிக்கு எதிராக மூடாமல் விட்ட கதவை, வேகமான எதிரணிக்கு எதிராகவும் மூடாமல் விட்டதில்தான் இருக்கிறது.

ஒம்லெட் கதை

அந்தப் போட்டியில் இன்னொரு விடயமும் நடந்தது. அதற்கு முந்திய நாட்களில் அமல் தத்தா எதிரணி வீரர்களைப் பகிரங்கமாகக் கேலி செய்தார். பைச்சுங்கை "சுங் சுங்" என்றார். கென்ய வீரர் ஒமோலோவை "ஒம்லெட்" என்றார். சொஸ்ஸோ என்ற வெளிநாட்டு வீரரை, வெள்ளரிக்காய்க்கு வங்காளத்தில் உள்ள சொல்லால் அழைத்தார். பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. டிக்கட் விற்றுத் தீர்ந்தது.

பி.கே. பானர்ஜி பதில் பேசவில்லை. அந்தக் கேலியைத் தன் வீரர்களின் உடைமாற்றும் அறைக்குக் கொண்டு போனார். எந்தப் பயிற்சியாலும் கொடுக்க முடியாத உற்சாகத்தை எதிரணிப் பயிற்றுவிப்பாளரே இலவசமாகக் கொடுத்துவிட்டிருந்தார்.

ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கக் கூடாது, பரிகசிக்கப்படுபவர்கள் மேலானவர்களாக இருந்துவிடலாம் என்று ஸூரா ஹுஜுராத்தின் 11ஆவது வசனம் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. பட்டப்பெயர் சூட்டுவதையும் அதே வசனம்தான் தடுக்கிறது. தேநீர்க் கடையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் இரண்டு பாடம் ஒன்றாகப் போய்ச் சேரும்.

வெல்ல வேண்டியவர் ஏன் காத்திருந்தார்?

"வென்றே ஆக வேண்டும் என்றால் முதல் நிமிடத்திலிருந்தே பாய வேண்டும்" என்பது கடையில் அடிக்கடி கேட்கும் வாதம். 1989 மே 26ஆம் திகதி லிவர்பூலின் அன்ஃபீல்ட் மைதானத்தில் நடந்ததைப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது.

அது இங்கிலாந்து லீக்கின் கடைசிப் போட்டி. லிவர்பூலுக்கு 76 புள்ளிகள், ஆர்சனலுக்கு 73. பட்டம் வேண்டுமென்றால் ஆர்சனல் லிவர்பூலின் சொந்த மைதானத்தில் இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். லிவர்பூலுக்கோ ஒரு கோலால் தோற்றாலும் பட்டம் கிடைக்கும்.

ஆர்சனல் பயிற்றுவிப்பாளர் ஜோர்ஜ் கிரஹம் என்ன செய்தார்? தாக்குபவரைக் கூட்டவில்லை. அடம்ஸ், போல்ட், ஓ'லியரி என்று மூன்று மத்திய பின்கள வீரர்களை நிறுத்தினார். முதல் பாதியில் கோல் வாங்காமல் இருந்தால் போதும் என்றார். முதல் பாதி 0-0. 52ஆவது நிமிடத்தில் அலன் ஸ்மித் ஒன்று. இப்போது லிவர்பூலுக்குக் குழப்பம். தாக்குவதா, காப்பதா? ஒரு கோல் தோல்வி போதும் என்ற எண்ணமே அவர்களின் காலைக் கட்டியது. மேலதிக நேரத்தில் மைக்கல் தோமஸ் இரண்டாவதை அடித்தார். இரு அணிகளுக்கும் 76 புள்ளிகள், கோல் வித்தியாசமும் சமம். அதிக கோல் அடித்தது ஆர்சனல் என்பதால் பட்டம் அவர்களுக்கு.

இரண்டு கோல் தேவைப்பட்டவர் பின்னால் ஒருவரைக் கூட்டியது ஏன்? ஒரு கோல் வாங்கினால் அடிக்க வேண்டியது மூன்றாகிவிடும். தேவை இரண்டு கோல்தான்; அதற்குக் கையில் 90 நிமிடமும் இருந்தது. அந்த 90 நிமிடத்தையும் அவர் செலவழித்தார்.

19 நாளில் தலைகீழ்

அண்மைய உதாரணமும் கொல்கத்தாவில்தான். 2024 ஏப்ரல் 15, இந்தியன் சுப்பர் லீக்கின் கடைசி லீக் போட்டி, அதே சோல்ட் லேக் அரங்கு. மும்பாய் சிட்டிக்கு 47 புள்ளிகள், மொஹுன் பகானுக்கு 45. மும்பாய்க்குச் சமநிலை போதும். மொஹுன் பகான் வென்றால் மட்டுமே கேடயம்.

மொஹுன் பகானின் பயிற்றுவிப்பாளர் அன்டோனியோ ஹபாஸ், அவசரப்படாத ஸ்பானியர். 28ஆவது நிமிடத்தில் லிஸ்டன் கொலாசோ கோல் அடித்ததும் மும்பாயின் வசதி போய்விட்டது. இனி அவர்கள்தான் வெளியே வர வேண்டும். வந்தார்கள். 80ஆவது நிமிடத்தில் ஜேசன் கமிங்ஸ் இரண்டாவதை அடித்தார். 89இல் சாங்தே ஒன்றைத் திருப்பினாலும் காலம் போதவில்லை. 2-1. கேடயம் மொஹுன் பகானுக்கு.

மே 4ஆம் திகதி அதே இரண்டு அணிகள் அதே மைதானத்தில் கிண்ணத்துக்கான இறுதிப் போட்டியில் சந்தித்தன. 44ஆவது நிமிடத்தில் மீண்டும் கமிங்ஸ், மீண்டும் மொஹுன் பகான் முன்னிலை. ஆனால் இம்முறை மும்பாய் 3-1 என்று வென்றது. பெரெய்ரா டியஸ், பிபின் சிங், வொய்டுஸ் மூவரும் இரண்டாம் பாதியில் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள்.

19 நாளில் யாருடைய திறமையும் மாறிவிடாது. மாறியது முதல் கேள்வியின் பதில். முதல் போட்டியில் மும்பாய் ஒரு புள்ளியைக் காக்க வந்தது. இறுதிப் போட்டியில் காப்பதற்கு எதுவும் இல்லை. ஆகவே "போன முறை இவன் அவனை அடிச்சான்" என்பதை வைத்து மட்டும் முன்னோட்டம் சொல்பவரை நம்ப வேண்டாம்.

பொறுமைக்கும் விலை உண்டு

இவ்வளவும் படித்தவர்கள் "அப்படியானால் எப்போதும் காத்திருப்பதே நல்லது" என்று நினைக்கலாம். அதுவும் சரியல்ல.

2023 ஏப்ரல் 26ஆம் திகதி ஆர்சனல், மன்செஸ்டர் சிட்டியின் மைதானத்துக்குத் துணிச்சலாகப் போய் 4-1 என்று தோற்றது. பட்டமும் கைநழுவியது. அடுத்த வருடம் மார்ச் 31ஆம் திகதி அதே மைதானத்துக்கு வந்த ஆர்சனல் வேறு அணி. பந்தை சிட்டியிடம் கொடுத்துவிட்டு, தன் பெனால்டி எல்லைக்கு முன்னால் இரண்டு வரிசையாக நெருங்கி நின்றது. 0-0. இலங்கை நேரம் இரவு 9 மணிக்குத் தொடங்கிய போட்டி அது. ரமழானின் கடைசிப் பத்தின் முதல் இரவு. பள்ளியில் தராவீஹ், வீட்டில் தொலைக்காட்சி என்று நம் இளைஞர்கள் பலரைச் சோதித்த இரவு.

அன்று எல்லோரும் ஆர்சனலின் ஒழுக்கத்தைப் பாராட்டினார்கள். பருவம் முடிந்தபோது சிட்டிக்கு 91 புள்ளிகள், ஆர்சனலுக்கு 89. கூட்டிக் கழித்துப் பாருங்கள். அந்த ஒரு போட்டியை ஆர்சனல் வென்று, மற்றவையெல்லாம் அப்படியே நடந்திருந்தால் ஆர்சனலுக்கு 91, சிட்டிக்கு 90. பட்டம் கை மாறியிருக்கும். மூடிய கதவு எதிரியை மட்டுமல்ல, நம்மையும் உள்ளேயே வைத்துவிடலாம்.

ஆகவே எந்த வடிவமும் தன்னளவில் சரியுமல்ல, பிழையுமல்ல. அன்றைய தேவைக்கும் அன்றைய எதிரணிக்கும் பொருந்துகிறதா என்பதுதான் அளவுகோல்.

அடுத்த போட்டியில் இதைச் செய்து பாருங்கள்

முதல் 15 நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். ஓரப் பின்கள வீரர்கள் எவ்வளவு தூரம் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். இருவரும் ஒரே நேரத்தில் ஏறினால் பின்னால் யார் நிற்கிறார் என்று பாருங்கள். அதுதான் அந்த அணியின் திறந்த கதவு.

பந்தைப் பறிகொடுத்த அடுத்த ஐந்து வினாடியைப் பாருங்கள். உடனே பந்தை நோக்கி ஓடுகிறார்களா, தங்கள் கோலை நோக்கி ஓடுகிறார்களா? பாதிப் பேர் முன்னாலும் பாதிப் பேர் பின்னாலும் ஓடினால் நடுவில் பெரிய பள்ளம் விழும். எதிரணி அங்கேதான் வரும்.

முதல் கோலுக்குப் பின்னர் இரு அணியும் நிற்கும் இடம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். முன்னிலை பெற்ற அணி பத்து மீற்றர் பின்வாங்கினால் பயந்துவிட்டது என்று உடனே சொல்லாதீர்கள். எதிரணியை அழைக்கிறதா என்று யோசியுங்கள்.

இவற்றைப் பார்க்கப் பழகினால் முடிவை முன்கூட்டியே சரியாகச் சொல்லலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு கால் சறுக்கல், ஒரு சிவப்பு அட்டை எல்லாவற்றையும் புரட்டிவிடும். இதைச் சொல்லக் காரணமுண்டு. இணையத்தில் "முன்னோட்டம்" என்ற பெயரில் வருபவற்றில் பல, கடைசிப் பந்தியில் பந்தயத் தளத்துக்குக் கூட்டிச் செல்பவை. உதைபந்தாட்ட அறிவு இருந்தால் பணம் பண்ணலாம் என்ற ஆசையில் பிள்ளைகளைச் சூதுக்குள் இழுக்கும் வழி அது. ஆட்டத்தை விளங்கிக்கொள்வது வேறு, முடிவை விலைபேசுவது வேறு. இந்த வித்தியாசத்தைப் பெற்றோர் வீட்டில் பேச வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஜாவா லேன், சோண்டர்ஸ், ரினவுன் என்று இந்த நகரத்திலேயே நம்மவர்கள் தலைமுறையாக விளையாடி வரும் கழகங்கள் இருக்கின்றன. மன்செஸ்டரின் இடது பின்கள வீரர் யாரென்று சொல்லும் பிள்ளைக்கு, கொம்பனித்தெருக் கழகம் எந்த வடிவில் விளையாடுகிறது என்று தெரியாது. 2023 ஜனவரியில் ஃபீஃபா இலங்கையைத் தடை செய்து ஓகஸ்டில் தடையை நீக்கியது. அந்த ஏழு மாதங்களில் நமது தேசிய அணிக்குச் சர்வதேசப் போட்டியே இல்லை. அதைப் பற்றித் தேநீர்க் கடையில் எத்தனை பேர் கவலைப்பட்டோம்?

இந்த மூன்று கேள்விகளும் சிட்டிக்கும் ஆர்சனலுக்கும் மட்டுமானவை அல்ல. அடுத்த முறை நம் நகரத்துக் கழகங்கள் இரண்டு மோதும்போது ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போங்கள். தொலைக்காட்சியில் கமெரா பந்தின் பின்னாலேயே ஓடும். மைதானத்தின் படிக்கட்டில் உட்கார்ந்தால் அந்த 28 பேர்ச் காலி இடம் முழுதாகத் தெரியும்.